கரெண்ட் போனாலும் போன் போகக் கூடாது: டிராய்க்கு ஒரு திறந்த மடல்

இந்தியத் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையத்தின் தலைவருக்கும் உறுப்பினர்களுக்கும்,

வணக்கம்.

பெங்களூர் அல்சூரிலிருந்து எழுதுகிறேன். உங்கள் ஆணையத்தின் பெயரில் எங்கள் வீட்டுக்கு இதுவரை ஒரே ஒரு போன்தான் வந்திருக்கிறது. அதுவும் நீங்கள் செய்ததல்ல. ஒரு நாள் காலை பத்து மணி வாக்கில் வீட்டு போன் அடித்தது. எடுத்தவர் என் அம்மா, வயது 81. டிராயிலிருந்து பேசுகிறோம், இன்னும் இரண்டு மணி நேரத்தில் உங்கள் இணைப்பு துண்டிக்கப்படும், விவரம் அறிய ஒன்பதை அழுத்தவும் என்று பதிவு செய்த ஒரு குரல் இந்தியில் சொல்லியிருக்கிறது. அம்மாவுக்கு இந்தி அரைகுறை. இரண்டு மணி நேரம் என்பதும் கட் என்பதும் மட்டும் புரிந்திருக்கின்றன. ஒன்பதை அழுத்தவில்லை. ரிசீவரை வைத்துவிட்டு உடனே கும்பகோணத்தில் இருக்கும் சித்திக்குப் போன் போட்டு, "லைனை வெட்டப் போறாங்களாம்டி, அதுக்குள்ள பேசி முடிச்சுடுவோம்" என்று ஒன்றே முக்கால் மணி நேரம் பேசியிருக்கிறார்.

நீங்கள் இப்படி யாரையும் அழைப்பதில்லை என்று பலமுறை அறிவித்திருக்கிறீர்கள். அன்று சாயங்காலம் அதை அம்மாவிடம் விளக்கிச் சொன்னேன். அதிலிருந்து டிராய் என்று யார் சொன்னாலும் படக்கென்று வைத்துவிடுகிறார். அது போகட்டும். நான் சொல்ல வந்தது வேறு. அந்த மோசடிக்காரனாவது இரண்டு மணி நேரம் அவகாசம் கொடுத்தான். எங்கள் வீட்டு போன் கரெண்ட் போன அந்த நொடியே செத்துப்போகிறது.

மலிவான சேவையைத் திட்டுவதற்காக இதை எழுதவில்லை என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மாதம் 499 ரூபாய்த் திட்டம், வரியோடு சேர்த்து 589. அதில் 40 எம்பிபிஎஸ் இணையமும் வருகிறது, 080-இல் தொடங்கும் ஒரு வீட்டு எண்ணும் வருகிறது. இந்தியா முழுக்க எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் பேசலாம். ரவுட்டரின் முதுகில் சின்னதாக ஒரு துளை இருக்கிறது. பழைய போனின் வயரை அதில் செருகினால் வேலை முடிந்தது. அம்மாவுக்கு எதுவுமே மாறவில்லை. அதே போன், அதே பெரிய பட்டன்கள், எடுத்தால் அதே 'ம்ம்ம்' என்ற டயல் டோன். அந்த டோனைக்கூட இப்போது எக்ஸ்சேஞ்ச் அனுப்புவதில்லை, ரவுட்டரே பாடுகிறது என்று நான் சொன்னபோது அம்மா நம்பவில்லை.

இது எப்படி இவ்வளவு மலிவாகக் கட்டுப்படியாகிறது என்று கணக்குப் போட்டுப் பார்த்தேன். கணக்கு எழுதுவதுதான் என் பிழைப்பு. பேச்சை நொடிக்கு 8,000 முறை அளந்து, ஒவ்வோர் அளவையும் எட்டு பிட்டாக எழுதுவது தொலைபேசித் துறையின் பழைய முறை. அப்படிப் பார்த்தால் நொடிக்கு 64 கிலோபிட். இணைய போனில் இதை 20 மில்லிநொடித் துண்டுகளாக வெட்டி, ஒவ்வொரு துண்டையும் ஓர் உறையில் போட்டு, முகவரி எழுதி அனுப்புகிறார்கள். நொடிக்கு ஐம்பது உறை. ஓர் உறைக்குள் 160 பைட் பேச்சு, மேலே 40 பைட் முகவரி. எல்லாம் சேர்த்து 80 கிலோபிட் என்று வைத்துக்கொண்டாலும், எங்கள் 40 எம்பிபிஎஸ் கம்பியில் ஒரே நேரத்தில் 500 பேர் பேசலாம். எங்கள் தெருவே பேசலாம். அம்மாவும் சித்தியும் ஒரு மணி நேரம் பேசினால் போக வர 70 எம்பி சொச்சம்தான் செலவாகிறது. மாடி வீட்டுப் பையன் கைபேசியில் சில நிமிடங்கள் வீடியோ பார்த்தாலே இதைத் தாண்டிவிடுவான்.

இந்த மலிவில் உங்களுக்கும் பங்கு உண்டு. ஒரு நிறுவனத்தின் சந்தாதாரர் இன்னொரு நிறுவனத்தின் சந்தாதாரரை அழைத்தால், முன்னது பின்னதுக்கு நிமிடக் கணக்கில் பணம் கட்ட வேண்டியிருந்தது. வீட்டு போன்களுக்கு அதை 2015-இல் பூஜ்யம் ஆக்கினீர்கள். கைபேசிகளுக்கு 2021 ஜனவரி 1 முதல் பூஜ்யம் ஆனது. "எவ்வளவு வேண்டுமானாலும் பேசுங்கள்" என்ற திட்டங்களுக்குப் பின்னால் இதுவும் இருக்கிறது. நன்றி சொல்ல வேண்டிய இடத்தில் சொல்லிவிட வேண்டும்.

2002-க்கு முன்னால் இருந்த நிலைமை எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. என் தம்பி அப்போது நியூ ஜெர்சியில் இருந்தான். வீட்டிலிருந்து அவனை அழைக்க நிமிடத்துக்கு 40 ரூபாய்க்கு மேல். போன் பக்கத்தில் கடிகாரத்தை வைத்துக்கொண்டு பேசுவோம். அப்பா "சாப்பிட்டியா, உடம்பு எப்படி" என்று இரண்டு கேள்வியோடு நிறுத்திக்கொள்வார். பிறகு 2002 ஏப்ரல் 1-ஆம் தேதி இந்தியாவில் இணையத் தொலைபேசியை அனுமதித்தார்கள். கம்ப்யூட்டரிலிருந்து வெளிநாட்டு போனை அழைக்கலாம், உள்ளூர் போனை மட்டும் அழைக்கக் கூடாது என்று ஒரு விசித்திரமான நிபந்தனையோடு. அதாவது இங்கிருந்து நியூ ஜெர்சிக்குப் பேசலாம், கும்பகோணத்துக்குப் பேசக் கூடாது. பக்கத்துத் தெரு பிரவுசிங் சென்டரில் அம்மாவுக்கு ஹெட்செட்டை மாட்டிவிட்டு உட்கார வைத்தேன். தம்பியின் குரல் கிணற்றுக்குள்ளிருந்து வந்தது. அம்மா பேசியது அரை நொடி கழித்து அவருக்கே எதிரொலித்தது. வயர்லெஸ்ஸில் போலீஸ்காரர்கள் பேசுவதுபோல ஒருவர் முடித்த பிறகுதான் அடுத்தவர் தொடங்க வேண்டும். ஆனாலும் அன்றைக்குத்தான் அம்மா முதன்முறையாக அவனிடம் நிதானமாகப் பேசினார். ரசத்துக்குப் பொடி போடும் பக்குவத்தைச் சொல்லிக்கொடுத்தது அந்த சென்டரில்தான்.

உள்நாட்டுப் போன்களுக்கும் அந்தக் கதவைத் திறக்கலாம் என்று நீங்கள் 2008-இல் ஒரு முறை பரிந்துரைத்தீர்கள், 2017-இல் மறுபடியும் பரிந்துரைத்தீர்கள். 2018-இல்தான் திறந்தார்கள். பத்து வருடம்! எங்கள் தெருக்காரர்களுக்கு இதெல்லாம் பெரிய விஷயம் இல்லை. அல்சூர் ஏரிக்கரையில் திருவள்ளுவர் சிலையை 1991-இல் நிறுத்தி, மூடியே வைத்திருந்து, 2009 ஆகஸ்டில் திறந்ததைப் பார்த்தவர்கள் நாங்கள்.

காத்திருப்பு என்றதும் அப்பா நினைவு வருகிறது. அவர் தூரவாணி நகரில் இருந்த ஐடிஐ, அதாவது இந்தியன் டெலிபோன் இண்டஸ்ட்ரீஸ், தொழிற்சாலையில் வேலை பார்த்தார். நாடு விடுதலை பெற்ற மறு வருடமே, 1948-இல், தொடங்கிய தொழிற்சாலை. நாட்டுக்கே போன் தயாரித்து அனுப்பிய இடம். அந்த ஊர்ப் பெயரே கன்னடத்தில் தொலைபேசியைக் குறிக்கும் சொல்தான். அப்பாவின் பிரிவில் ஸ்ட்ரோஜர் என்கிற பழைய வகை எக்ஸ்சேஞ்சுகளுக்கான ரிலே என்ற மின் சுவிட்சுகளைச் சரி பார்த்து அனுப்புவார்கள். அப்படிப்பட்டவர் தன் வீட்டுக்கு ஒரு போன் வேண்டும் என்று 1985-இல் எழுதிக்கொடுத்தார். வந்தது 1991-இல். சமையல்காரன் வீட்டில் பட்டினி என்று அம்மா கேலி செய்வார்.

போன் வந்த அன்று தெருவே பார்க்க வந்தது. அப்பா எல்லாருக்கும் ஒரு பாடம் நடத்தினார். நான் இன்று உங்களுக்கு எழுதுவது அந்தப் பாடத்தைத்தான். சுவரில் எங்கேயாவது பிளக் தெரிகிறதா என்று கேட்டார். இல்லை. அப்படியென்றால் இந்த போனுக்குக் கரெண்ட் எங்கிருந்து வருகிறது? யாருக்கும் தெரியவில்லை. எக்ஸ்சேஞ்சில் ஓர் அறை நிறைய பேட்டரிகளை அடுக்கி வைத்திருப்பார்கள், 48 வோல்ட், அது இந்த மெல்லிய செம்புக் கம்பி வழியாகவே நம் வீட்டுக்கு வருகிறது என்றார். மணி அடிக்கும்போது மட்டும் 75 வோல்ட் வாக்கில் அனுப்புவார்களாம். அந்த நேரம் கம்பியைத் தொட்டால் சுரீர் என்று அடிக்கும். "பெங்களூர் முழுக்க இருட்டானாலும் போன் அடிக்கும். கரெண்ட் போனாலும் போன் போகாது" என்று சொல்லிவிட்டு, தான் சொன்ன சிலேடையைத் தானே ரசித்துச் சிரித்தார். அந்த பேட்டரி அறைக்குப் பின்னால் ஜெனரேட்டரும் உண்டு என்று பிறகு ஒரு நாள் சொன்னார்.

அந்தச் செம்புக் கம்பி 2022-இல் போயிற்று. சாலையைத் தோண்டினார்கள், கேபிள் அறுந்தது, புகார் கொடுத்தோம், யாரும் ஒட்டவைக்கவில்லை. அந்த நிறுவனத்தின் பெயரைச் சொல்லி ஒன்றும் ஆகப் போவதில்லை. அப்பா அதற்குள் இறந்துவிட்டிருந்தார், நல்லவேளை. பிறகுதான் இந்த இணைய போனுக்கு வந்தோம். விற்க வந்த பையன் நல்லவன், தமிழ்ப் பையன்தான். "அதே லேண்ட்லைன்தான் ஆன்ட்டி, ஒரு வித்தியாசமும் இல்ல" என்றான். அவனுக்கு அப்படித்தான் சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள். நான் கையெழுத்துப் போட்ட தாளில், கரெண்ட் போனால் இந்த போன் வேலை செய்யாது என்று ஒரு வரிகூட இல்லை. ஐடிஐக்காரர் மகளுக்கே அன்று அது உறைக்கவில்லை.

உறைத்தது ஒரு மே மாதச் சாயங்காலம். பெங்களூரில் மே மாத மழை எப்படி என்று இங்கே இருந்தவர்களுக்குத் தெரியும். நாலு மணிக்குக் காற்று, நாலரைக்கு ஆலங்கட்டி, ஐந்து மணிக்குப் பாதித் தெருக்களில் குல்மோகர் மரங்கள் படுத்திருக்கும். எங்கள் தெருவில் விழுந்த மரம் மின்கம்பியையும் இழுத்துக்கொண்டு விழுந்தது. நான் ஒயிட்ஃபீல்டில் அலுவலகத்தில் இருந்தேன். வீட்டுக்குப் போன் போட்டேன், போகவில்லை. பத்து நிமிடம் கழித்துப் போட்டேன், போகவில்லை. இப்படி இருபது முறையாவது போட்டிருப்பேன். மெட்ரோவில் ஏறினால் அங்கே கூட்டம், இறங்கினால் ஆட்டோ இல்லை. வீடு போய்ச் சேர்ந்தபோது மணி எட்டே முக்கால்.

வீட்டில் அசம்பாவிதம் ஒன்றும் இல்லை. அம்மா இருட்டில், போன் பக்கத்து நாற்காலியில், ரிசீவரை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். மூன்று மணி நேரமாக அங்கேயேதான். பக்கத்து வீட்டு கன்னடக்கார அம்மா மெழுகுவர்த்தி ஏற்றி வைத்து, "ஹெதரபேடி அஜ்ஜி", பயப்படாதீங்க பாட்டி, என்று சொல்லிவிட்டுப் போயிருக்கிறார். அவர் தன் வீட்டுக்குக் கூப்பிட்டும் அம்மா போகவில்லை. "நீ பண்ணுவேன்னு தெரியும். பண்ணும்போது நான் இங்க இல்லேன்னா பயந்துடுவே" என்றார். இடையிடையே ரிசீவரை எடுத்து டோன் வந்துவிட்டதா என்று கேட்டுப் பார்த்திருக்கிறார். கரெண்ட் போனதற்கும் போன் செத்ததற்கும் சம்பந்தம் இருக்கும் என்றே அவருக்குத் தோன்றவில்லை. எப்படித் தோன்றும்? கரெண்ட் போனாலும் போன் போகாது என்று அந்த வீட்டில்தான் அவருக்குச் சொல்லிக்கொடுத்திருந்தார்கள். லைனை வெட்டிவிட்டார்கள் என்று நினைத்திருக்கிறார், அந்த மோசடிக் குரலை மனதில் வைத்து.

மறுநாள் சேவை மையத்தை அழைத்தேன். அந்தப் பெண் மிகவும் மரியாதையாக, "மோடத்தில் பச்சை விளக்கு எரிகிறதா மேடம்?" என்றார். இப்போது எரிகிறது, நேற்று எரியவில்லை, ஏனென்றால் நேற்று கரெண்ட் இல்லை என்றேன். "அப்படியென்றால் எங்கள் பக்கம் பழுது இல்லை மேடம்" என்றார். சேவைத் தரம் பற்றி 2024 அக்டோபரிலிருந்து நீங்கள் கொண்டுவந்த புதிய விதிகளில், வீட்டு இணைப்பில் பழுது மூன்று நாளுக்கு மேல் நீண்டால் வாடகையில் கழிவு தர வேண்டும் என்று இருக்கிறது. நல்ல விதி. ஆனால் எங்கள் போன் இப்படிச் சாவதைப் பழுது என்றே யாரும் எழுதிக்கொள்வதில்லை.

சரி, நாமே பேட்டரி வாங்கிவிடலாம் என்று ரவுட்டருக்கு ஒரு சின்ன யூபிஎஸ் வாங்கினேன். 12 வோல்ட், உள்ளங்கை இரண்டு சேர்த்த அளவு, 1,500 ரூபாய்க்குக் கொஞ்சம் கூட. அடுத்த முறை கரெண்ட் போனது. ரவுட்டரில் விளக்கு எரிந்தது, எனக்குப் பெருமை. அம்மா ரிசீவரை எடுத்தார். டோன் இல்லை. கையில் டார்ச்சோடு வயரின் பின்னாலேயே போய்ப் பார்த்தால், அது மாடிப்படி அடியில் நிறுவனம் மாட்டியிருக்கும் ஒரு தகரப் பெட்டிக்குள் போகிறது. ஃபைபர் அந்தப் பெட்டிவரைதான் வருகிறது. அங்கே ஒரு சுவிட்ச், அதாவது இணைப்பைப் பல வீடுகளுக்குப் பிரித்துக் கொடுக்கும் கருவி. அதிலிருந்து ஒவ்வொரு வீட்டுக்கும் வயர். அந்த சுவிட்சுக்குக் கரெண்ட் எங்கள் கட்டடத்துப் படிக்கட்டு மீட்டரிலிருந்து. பேட்டரி கிடையாது. வீடுவரைக்கும் ஃபைபர் வருகிற கட்டடங்களில் நடுவில் கரெண்ட் தேவைப்படாமல் இருக்கலாம். எங்களைப் போன்ற பழைய கட்டடங்களில் நான் என் வீட்டுக்குள் எத்தனை யூபிஎஸ் அடுக்கினாலும் அம்மாவுக்கு டோன் வராது.

அந்தப் பெட்டிக்கு ஒரு பேட்டரி வையுங்கள் என்று புகார் கொடுத்தேன். வந்து பார்த்தவர் "நாளே பர்த்தீனி மேடம்" என்று சொல்லிவிட்டுப் போனார். நாளை வருகிறேன் என்று அர்த்தம். தொண்ணூறுகளில் மல்லேஸ்வரம் பக்கம் ராத்திரியில் கதவைத் தட்டும் ஒரு பேயை ஏமாற்றுவதற்காக வீட்டு வாசல்களில் "நாளே பா" என்று எழுதி வைத்திருந்தார்கள். பேய் தினமும் வந்து படித்துவிட்டு, நாளை வரலாம் என்று திரும்பிப் போய்விடுமாம். அன்று நாம் பேய்க்குச் சொன்னதை இன்று கேபிள்காரர்கள் நமக்குச் சொல்கிறார்கள்.

செல்போன் வைத்துக்கொள்ள வேண்டியதுதானே என்று நீங்கள் கேட்கலாம். எல்லாரும் கேட்கிறார்கள். அம்மாவுக்கு இரண்டு கண்ணிலும் புரை எடுத்தாயிற்று. விரல் நுனிகள் காய்ந்துபோய் தொடுதிரை அவர் தொட்டதைக் கவனிப்பதே இல்லை. பட்டன் போன் ஒன்று வாங்கிக்கொடுத்தேன். அது சார்ஜ் இல்லாமல் பீரோவில் புடவைகளுக்கு நடுவே பத்திரமாக இருக்கிறது. இதெல்லாம் எங்கள் வீட்டுப் பிரச்சினை என்றே வைத்துக்கொள்வோம். இன்னொன்று இருக்கிறது. எங்கள் வீடு தரைத்தளம், சந்துக்குள்ளே சந்து. டவர் சிக்னல் ஒரு கோடு காட்டும், பேசினால் அறுந்துபோகும். அதனால் என் கைபேசியில் வைஃபை காலிங் போட்டு வைத்திருக்கிறேன். 2019 கடைசியிலிருந்து இந்தியாவில் வந்த வசதி அது, வீட்டு வைஃபை வழியாகவே செல்போன் அழைப்பு போகும். நல்ல வசதிதான். ஆனால் என்ன ஆகிறது என்று பாருங்கள்: வீட்டு போன், செல்போன், வாட்ஸாப், எல்லாக் குரலும் ரவுட்டர் என்கிற ஒரே துளை வழியாகப் போகிறது. அது அணைந்தால் எல்லாம் சேர்ந்து அணைகிறது. பெயர் வேறு வேறாக இருந்தாலும் எங்கள் வீட்டில் இருப்பது எல்லாமே இணைய போன்தான்.

இந்தச் சிக்கலை மற்ற நாடுகள் பார்த்துவிட்டன. அமெரிக்காவில் உங்களைப் போன்ற ஆணையமான எஃப்சிசி 2015-இலேயே ஒரு விதி போட்டது. கம்பியிலிருந்து தனக்கான கரெண்டை எடுத்துக்கொள்ளாத வீட்டு போனை விற்பவர்கள், எட்டு மணி நேரம் தாங்கும் பேட்டரியையும் சேர்த்து விற்கத் தயாராக இருக்க வேண்டும். பிற்பாடு 24 மணி நேரத்துக்கும் ஏற்பாடு வேண்டும். கரெண்ட் போனால் என்ன ஆகும் என்பதை வாடிக்கையாளருக்குத் தெளிவாகச் சொல்ல வேண்டும். பேட்டரிக்கான பணத்தை வாடிக்கையாளர் தரலாம், இலவசம் என்று கட்டாயம் இல்லை. 2025 செப்டம்பர் வரை அந்த விதி நடப்பில் இருந்தது. பிரிட்டனில் அதேபோன்ற ஆணையமான ஆஃப்காம் 2018-இல் கொடுத்த வழிகாட்டுதலின்படி, வீட்டு போனை மட்டுமே நம்பியிருப்பவர்கள் கரெண்ட் இல்லாதபோதும் குறைந்தது ஒரு மணி நேரமாவது அவசர உதவியை அழைக்க வழி செய்ய வேண்டும். அங்கெல்லாம் நம் ஊர் மே மாதம்கூடக் கிடையாது.

நான் கேட்பதும் பெரிதாக ஒன்றும் இல்லை. 112-ஐயும் 108-ஐயும் அழைக்க முடிகிற ஒரு பொருளை 'லேண்ட்லைன்' என்ற பெயரில் விற்றால், அந்தப் பெயருக்குரிய கடமையையும் சேர்த்து விற்கச் சொல்லுங்கள். எங்கள் வீட்டுக்குள் இருக்கும் பெட்டிக்கு பேட்டரி வேண்டுமா என்று இணைப்புக் கொடுக்கும்போதே கேட்கட்டும். வேண்டும் என்றால் விலைக்குத் தரட்டும், கொடுத்துவிடுகிறோம். ஆனால் மாடிப்படி அடியிலும் தெருமுனையிலும் அவர்கள் மாட்டும் பெட்டிக்கு அவர்கள்தான் பேட்டரி வைக்க வேண்டும். அதை நாங்கள் வாங்க முடியாது, அதன் சாவிகூட எங்களிடம் இல்லை. நான்கு மணி நேரமாவது தாங்கட்டும். கையெழுத்து வாங்கும் தாளில் முதல் பக்கத்திலேயே, "மின்சாரம் இல்லாதபோது இந்தத் தொலைபேசி வேலை செய்யாது" என்று வாடிக்கையாளர் படிக்கும் மொழியில், அம்மா கண்ணாடி போடாமலே படிக்கிற அளவு எழுத்தில் அச்சடிக்கட்டும். இந்த ஒரு வரிக்கு யாருக்கும் செலவில்லை. இதைத்தான் அவர்கள் கடைசியாகச் செய்வார்கள் என்பது என் கணிப்பு.

திட்டம் தீர்ந்துபோகும் விஷயத்தையும் பாருங்கள். ஆறு மாதத்துக்கு மொத்தமாகக் கட்டியிருந்தேன். ஒரு கல்யாணத்துக்காகச் சென்னை போயிருந்த இரவில் அது முடிந்தது. பன்னிரண்டு மணிக்கு இணையம் நின்றது, அதோடு போனும் நின்றது. செல்போனில் ரீசார்ஜ் தீர்ந்தாலும் சில நாளுக்கு வெளியிலிருந்து அழைப்பு வருகிறது, 112 போகிறது. வீட்டு போனுக்கும் அந்த அளவு கருணை காட்டலாம். இணையத்தை நிறுத்தட்டும், அம்மா அதைக் கவனிக்கக்கூட மாட்டார்.

அப்புறம் எண். செல்போன் எண்ணை மாற்றாமலே நிறுவனத்தை மாற்றிக்கொள்ளும் வசதி 2011 ஜனவரியிலிருந்து நாடு முழுக்க இருக்கிறது. வீட்டு எண்ணுக்கு அது இல்லை. செம்புக் கம்பியோடு எங்கள் 1991-ஆம் வருட எண்ணும் போய்விட்டது. கும்பகோணத்தில் சித்தி வீட்டுச் சமையலறைச் சுவரில் அந்த எண் இன்னும் சாக்பீஸில் இருக்கிறது. காஸ் புத்தகத்தில், காப்பீட்டுப் பத்திரத்தில், அப்பா கைப்பட எழுதிய சொந்தக்காரர்கள் பட்டியலின் தலைப்பில், எல்லாவற்றிலும் அதுதான். புதிய எண்ணை அம்மா மனப்பாடம் செய்ய நான்கு மாதம் ஆனது. அதற்கு முன்னால்தான், வீட்டு போனிலிருந்து செல்போனை அழைக்க முன்னால் ஒரு பூஜ்யம் சேர்க்க வேண்டும் என்று 2021 ஜனவரி 15 முதல் வந்த மாற்றத்துக்கு அவர் பழகி முடித்திருந்தார். அந்த பூஜ்யத்தின் அவசியம் எனக்குப் புரிகிறது, செல்போன்களுக்குப் புது எண்கள் வேண்டியிருந்தன. அம்மா அதை ஏற்றுக்கொண்டார். எங்களுக்காக எங்கள் எண்ணைக் காப்பாற்றித் தருவதற்கு மட்டும் ஏன் தொழில்நுட்பம் இடம் கொடுக்கவில்லை? எண் இப்போது கம்பியோடு ஒட்டிக்கொண்டிருக்கவில்லை. எங்கோ ஒரு சர்வரில் ஒரு வரி. ஃபைபர் நிறுவனம் ஒன்றை விட்டு இன்னொன்றுக்குப் போனால் இன்றைய எண்ணும் போகும் என்ற பயத்தில்தான் நான் அந்தத் தகரப் பெட்டிக்காரர்களையே இன்னும் கட்டி அழுகிறேன்.

இவற்றில் சில நேரடியாக உங்கள் கையில் இல்லை, தொலைத்தொடர்புத் துறைதான் முடிவு செய்ய வேண்டும் என்பதும் தெரியும். நீங்கள் பரிந்துரைத்தால் அவர்கள் கேட்பார்கள். பத்து வருடம் ஆனாலும் கேட்டார்கள். ஆனால் அம்மாவுக்கு 81 ஆகிறது. இந்த முறை கொஞ்சம் சீக்கிரம் வேண்டும்.

ஒரு வேளை இதைப் படித்துவிட்டு நீங்கள் எங்களிடம் பேச விரும்பினால், மூன்று மணியிலிருந்து நாலரை மணிவரை தயவுசெய்து வேண்டாம். சித்தி மதியத் தூக்கத்திலிருந்து எழுந்து அழைக்கும் நேரம், லைன் பிஸியாக இருக்கும். மற்ற நேரத்தில் அழைத்தால் அம்மாதான் எடுப்பார். டிராயிலிருந்து பேசுகிறோம் என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். வைத்துவிடுவார்.

இப்படிக்கு,
அல்சூரிலிருந்து ஒரு சந்தாதாரர்